கல்பாக்கம் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

“என் மகள் பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. பையன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட், பராமரிப்புப் பிரிவு. ஜாதகம் பொருந்திவிட்டது, மகளுக்கும் பிடித்திருக்கிறது. நிச்சயத்துக்கு நாள் பார்க்கும்போது என் ஓரகத்தி தடுத்துவிட்டாள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் குழந்தை தங்காதாம், பிறந்தாலும் ஊனமாகப் பிறக்குமாம். உடம்பில் ஏறிய கதிர்வீச்சு வீட்டுக்கும் வந்து பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டுமாம். டவுன்ஷிப்பில் குடியிருந்தாலே புற்றுநோயாம். ஜப்பானில் நடந்த மாதிரி ஒரு நாள் வெடித்தால் என்ன கதி என்கிறாள். அதிகச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தானாம். பேசாமல் அத்தை பையனுக்கே கொடுத்துவிடு என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். மகளோ, ‘போன வருஷம் அப்பாவுக்குக் கிட்னி கல்லுக்காக ரெண்டு தடவை சி.டி. ஸ்கேன் எடுத்தோமே, அதுவும் கதிர்வீச்சுதானே, அப்ப யாரும் பயப்படலையே’ என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பையனிடமே இதையெல்லாம் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமா?”

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை உங்கள் மகள் கேட்டுவிட்டாள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவ இயற்பியல் படித்துவிட்டு, ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. ஆனால் அந்தப் பையன் சட்டையில் மாட்டிக்கொள்ளும், கதிர்வீச்சை அளக்கும் அதே பேட்ஜை நானும் மாட்டிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன். வேலையில் வாங்கக்கூடிய கதிர்வீச்சுக்கு அவருக்கும் எனக்கும் வரம்பு ஒன்றுதான். அந்த வரம்பை விதிப்பதும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான்.

கதிர்வீச்சு ‘இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்டால் பதில் எப்போதும் ‘இருக்கிறது’ என்றுதான் வரும். மண்ணில் இருக்கிறது, செங்கல்லில் இருக்கிறது, வானத்திலிருந்து வருகிறது. நாம் சாப்பிடும் வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உள்ளது. உங்கள் உடம்புக்குள் இந்த நொடியிலும் மூவாயிரம், நாலாயிரம் பொட்டாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டியது ‘எவ்வளவு’ என்பதைத்தான். அதை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்கிறோம். உலகத்தில் சராசரி மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து மட்டும் வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1க்கும் குறைவு. வயிற்றுக்கு எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேன் ஒன்றுக்கு 8 முதல் 10 வரை. கல்லுக்கென்று அளவைக் குறைத்து எடுத்திருந்தால் 3 அளவில் முடிந்திருக்கும்.

கதிர்வீச்சுக்கு இடையில் வேலை பார்ப்பவருக்கு நம் நாட்டு வரம்பு, ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 100 மில்லிசீவர்ட். அதாவது வருடத்துக்குச் சராசரி 20. எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. இது தாண்டக் கூடாத கோடு. தினசரி வேலையில் பெரும்பாலோர் வாங்குவது இதில் ஒரு சிறு பங்குதான். உங்கள் வீட்டுக்காரர் ஸ்கேன் மேஜையில் படுத்திருந்த சில நிமிடங்களில் வாங்கியதை, அணுமின் நிலைய ஊழியர் பலர் ஒரு வருடம் முழுக்க வேலை பார்த்தாலும் வாங்குவதில்லை. அதற்காக ஸ்கேன் எடுத்தது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கல் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் போயிருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கலாம். தேவைக்கு எடுக்கும் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் மகளின் கணக்கு சரி என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, குழந்தை விஷயத்துக்கு வருவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

கதிர்வீச்சால் மலட்டுத்தன்மை வருமா? வரும், ஆனால் அதற்கு வேண்டிய அளவு வேறு. ஆணுக்கு நிரந்தரமாக வர வேண்டுமானால், விதைப்பையில் ஒரே தடவையில் சுமார் 6,000 மில்லிசீவர்ட் பட வேண்டும். ஒரே தடவையில் 100 அளவுக்குப் பட்டால் விந்தணு எண்ணிக்கை கொஞ்ச காலம் குறைந்து, பிறகு மீண்டும் ஏறிவிடும். நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவன் இல்லை. இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்க வரும் இளைஞர்களிடம், தொடங்குவதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொல்லி எங்கள் டாக்டர்கள் பேசுவார்கள். அங்கே கொடுப்பது ஆயிரக்கணக்கில். வருடத்தில் ஓரிரு மில்லிசீவர்ட், அதுவும் சொட்டுச் சொட்டாக வாங்குபவருக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது, ஊனமான குழந்தை. இந்தப் பயம் நேற்று முளைத்ததல்ல. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் 1945இல் குண்டு விழுந்தபின் உயிர் பிழைத்தவர்களை ஜப்பானியர் ‘ஹிபாகுஷா’ என்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, கல்யாணச் சந்தையில் நேர்ந்தது. ஹிரோஷிமாக்காரி என்று தெரிந்தால் வரன் திரும்பிப் போய்விடும். எத்தனையோ பேர் பிறந்த ஊரையே மறைத்து வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கும் அதே பழி தொடர்ந்தது. உங்கள் ஓரகத்தி இன்று சொல்வதும் அதே பேச்சுதான்.

ஆனால் அந்தப் பிள்ளைகளை மருத்துவர்கள் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். குண்டுக்குப் பிறகு கருத்தரித்துப் பிறந்த சுமார் 77,000 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அப்பாவோ அம்மாவோ வாங்கிய கதிர்வீச்சு பிள்ளைக்கு ஊனமாக இறங்கியது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் பெற்றோரில் பலர், கல்பாக்கம் ஊழியர் ஒருவர் பணிக்காலம் முழுக்க வாங்கக்கூடியதைவிட அதிகமான கதிர்வீச்சை ஒரே கணத்தில் வாங்கியவர்கள். அணு உலை வெடித்த செர்னோபிலிலும் இப்படித்தான். விபத்துக்குப் பின் துப்புரவு வேலை செய்தவர்களுக்கும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கும் பிறந்த 130 பேரின் மரபணுத் தொகுப்பை முழுவதுமாகப் படித்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. புதிய மரபணுக் கோளாறுகள் கூடியிருக்கவில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்திலேயே கேரளக் கடற்கரையில், கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி பக்கம் மோனசைட் மணல் கிடக்கிறது. நம் மணவாளக்குறிச்சியில் இருப்பதும் அதே வகைதான். அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியைப்போலப் பல மடங்கு. தலைமுறை தலைமுறையாக அந்த மணலிலேயே மீன் காயவைத்துப் பிழைத்த குடும்பங்கள் அவை. அந்தக் கரையோரப் பகுதிகளில் பிறந்த 1,40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரியிலேயே பரிசோதித்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு அதிகமான இடத்தில் பிறவிக் குறைகள் கூடுதல் என்று தெரியவரவில்லை. ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்விலும் புற்றுநோய் கூடுதல் என்று வரவில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கைக்கு வேரே இல்லையா? ஒரு வேர் உண்டு. குண்டு விழுந்தபோது ஏற்கெனவே வயிற்றில் இருந்த சிசுக்களில், குறிப்பாக 8 முதல் 15 வாரக் கருவாக இருந்து அதிக அளவு வாங்கிய சிலருக்குத் தலை சிறுத்து, அறிவு வளர்ச்சி குன்றியது. அது உண்மை. அது கருவின்மேலேயே நேரடியாகப் பட்டதால் வந்தது. அப்பாவின் உடம்பு வழியாக வந்ததல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்தான் இத்தனை வரன்கள் தட்டிப்போகின்றன. கரு விஷயத்தில் சட்டமும் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. கதிர்வீச்சு வேலையில் இருக்கும் பெண் கர்ப்பம் என்று சொன்ன நாளிலிருந்து, கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மகளோ அந்த வேலைக்கே போகப்போவதில்லை.

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தக் கதிர்வீச்சும் இல்லாமலே, நூறு குழந்தைகள் பிறந்தால் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக்குறை ஏதாவது இருக்கிறது. எந்த நாட்டிலும் இதுதான் நிலை. அதைக் கூட்டுகிற ஒரு காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. சொந்தத்தில் செய்யும் கல்யாணம்தான் அது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அத்தை, மாமன், சித்தப்பா பிள்ளைகள் தமக்குள் மணந்த குடும்பங்களில் பிறவிக்குறை 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு, அதாவது இரட்டிப்பாக, ஏறியிருந்தது. அத்தை பையனை நான் குறை சொல்லவில்லை. சொந்தத்தில் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. ஆனால் பேரக்குழந்தை ஊனமாகப் பிறந்துவிடுமோ என்று பயந்து கல்பாக்கம் வரனை விட்டுவிட்டு அத்தை பையனுக்குக் கொடுப்பது, இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தைத் தேடிப்போவது. இது எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம், அதனால்தான் உடைத்துச் சொல்கிறேன்.

அடுத்து, ‘உடம்பில் ஏறி வீட்டுக்கு வரும்’ என்பது. எங்கள் சிகிச்சைப் பிரிவிலும் இதைத் தினம் பார்க்கிறேன். மார்புக்கு மெஷினில் கதிர்வீச்சு வாங்கிக்கொண்டு போன ஒரு பாட்டி, பேரனைத் தூக்கவே மாட்டேன் என்றார். மருமகள் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பாட்டி உடம்பில் ஒன்றுமே இல்லை. மெஷினை அணைத்தவுடன் கதிர்வீச்சு போய்விட்டது. வெயிலில் நின்றவர் தோல் கறுக்கலாம், ஆனால் வெயில் அவரோடு வீட்டுக்குள் வராது. சேற்றில் இறங்கியவர் காலைக் கழுவாவிட்டால் சேறு வரும். கதிர் படுவது வெயில் மாதிரி. கதிரியக்கப் பொருள், அதாவது தூசியோ திரவமோ, மேலே ஒட்டுவதும் உள்ளே போவதும் சேறு மாதிரி. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்த நோயாளியைக் கொஞ்ச நாள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருக்கச் சொல்வது இதனால்தான். மருந்து அவருக்கு உள்ளே இருக்கிறது. மெஷினில் படுத்து எழுந்த பாட்டிக்கு அந்தக் கட்டுப்பாடே தேவையில்லை.

அணுமின் நிலையத்தில் இந்த இரண்டாவது வகைக்கும் வழி உண்டு. அதனால்தான் உள்ளே போகும்போது உடையையும் காலணியையும் மாற்றுகிறார்கள், வெளியே வரும்போது கையையும் காலையும் ஒரு கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். கருவி சத்தம் போட்டால் கழுவிவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும். சரியாக இருந்தால்தான் வெளியே வரலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இருப்பவை கன நீர் உலைகள், அதாவது சாதாரணத் தண்ணீரைவிடக் கனமான ஒரு வகை நீரைப் பயன்படுத்துபவை. அவற்றில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டாகும். அது தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து மூச்சிலும் தோலிலும் உள்ளே போகக்கூடியது. அதனால் அங்கே சிறுநீர் சாம்பிள் கொடுப்பது வழக்கம். அதன் கதிர் மிகவும் பலவீனமானது, தோலைத் தாண்டி வெளியே வராது. உள்ளே போனதில் பாதி பத்து நாளில் சிறுநீரோடும் வேர்வையோடும் போய்விடும். 2009இல் கர்நாடகத்தில் உள்ள கைகா அணுமின் நிலையத்தில், குடிநீர் கூலரில் யாரோ டிரிட்டியம் உள்ள கன நீரைக் கலந்துவிட்டார்கள். அதைக் காட்டிக்கொடுத்ததே இந்தச் சிறுநீர்ப் பரிசோதனைதான்.

பேட்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை. அதை மாட்டிக்கொண்டால் கதிர்வீச்சு தாக்காது என்று நினைப்பவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே உண்டு. அது கவசம் இல்லை. ஒரு சிறிய உலோகத் தகட்டில் மூன்று வெள்ளை வில்லைகள் இருக்கும், அவ்வளவுதான். கதிர்வீச்சு பட்டால் வில்லை அந்தச் சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளியே வரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு டோஸ், அதாவது அவர் வாங்கிய கதிர்வீச்சின் அளவு. ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதை அனுப்புகிறோம், அணுமின் நிலையங்களில் மாதம் ஒரு முறை பார்க்கிறார்கள். அது போக, அப்போதைக்கப்போது அளவைக் காட்டும் இன்னொரு சிறிய கருவியும் அவர்களிடம் இருக்கும். வந்த எண் அவர் பெயரில் பதிவாகி, பணிக்காலம் முழுக்கக் கூடிக்கொண்டே போகும். வேறு எந்த வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. லேத் பட்டறையில் எவ்வளவு இரும்புத்தூள் உள்ளே போனது, பெயின்ட் கம்பெனியில் எவ்வளவு புகை குடித்தார் என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

சரி, புற்றுநோய். ‘துளிகூட ஆபத்தே இல்லை’ என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா மூன்று நாட்டிலும் அணுசக்தித் துறையில் வேலை பார்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், வாங்கிய அளவு கூடக்கூடப் புற்றுநோய் மரணம் சிறிதளவு கூடுவது தெரிந்தது. எவ்வளவு சிறிது? முப்பது வருட வேலையில் மொத்தம் 60 மில்லிசீவர்ட் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேசப் பாதுகாப்புக் கணக்கின்படி அதனால் கூடும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு, மூன்று. நம் நாட்டில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரலாம் என்பது மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணிப்பு. அதாவது ஆயிரத்தில் நூற்றுப் பத்து பேர் ஏற்கெனவே அந்த வரிசையில் இருக்கிறோம். எங்கள் வார்டில் வாய்ப் புற்றுநோயோடு வந்து படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் புகையிலை போட்டவர்கள். பையன் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறார் என்பதைவிட, சிகரெட் பிடிக்கிறாரா என்பதைத்தான் நான் பெண் வீட்டாராக இருந்தால் முதலில் விசாரிப்பேன்.

டவுன்ஷிப்பில் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கும் கிடையாது. வெளியே வசிக்கும் மக்களுக்கு ஆலையால் வரக்கூடிய வரம்பு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட். உண்மையில் வருவது அதில் சிறு பங்குதான். ஒவ்வொரு அணுமின் நிலையத்தையும் ஒட்டிச் சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பால், மீன், காய்கறி, கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. ஆலை ஓடத் தொடங்குமுன்பே அளவெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்போதுதான் பின்னால் ஒப்பிட முடியும். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கத்து மீனை உங்கள் மகள் தாராளமாகச் சாப்பிடலாம்.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு ஆதங்கம். அளவெடுக்கிறார்கள் சரி, அதை ஊர் மக்களுக்குப் புரிகிற தமிழில், கேட்காமலே, மாதாமாதம் சொல்ல வேண்டாமா? 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், மின் நிலையத்தில் அல்ல, எரிபொருளை மறுபடி பதப்படுத்தும் ஆலையில், ஒரு வால்வு பழுதாகி ஆறு ஊழியர்கள் வருட வரம்பைவிடப் பல மடங்கு வாங்கிவிட்டார்கள். அது வெளியே தெரியப் பல மாதங்கள் ஆயின. இப்படி நடந்தால் மக்கள் வதந்தியை நம்பாமல் வேறு எதை நம்புவார்கள்? ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதைவிட எண்ணைக் காட்டுவதுதான் மரியாதை. இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் கேள்வி கேட்ட மீனவர்களை விஷயம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கியது பெரிய தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி, வெடிப்பது. அணுகுண்டு மாதிரி அணு உலை வெடிக்காது. குண்டுக்கு யுரேனியத்தில் பிளவுபடும் வகை சுமார் 90 சதவீதம் வேண்டும். கல்பாக்கம் மின் நிலையத்தில் போடுவது இயற்கை யுரேனியம், அதில் அந்த வகை 0.7 சதவீதம்தான். உலையின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அணைத்த பிறகும் அது சூடாகவே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுச் சூட்டில் ஆறு, ஏழு சதவீதம் மிச்சம் இருக்கும், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் இருக்கும். அந்த நேரமெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமாவில் சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை முழுக்கடித்தது, பம்புகள் நின்றன, எரிபொருள் உருகியது. டிவியில் நாம் பார்த்த வெடிப்பு, அப்போது உண்டான ஹைட்ரஜன் வாயு வெடித்தது. அங்கே பொதுமக்களிடம் கதிர்வீச்சால் வந்த உடல்நலக் கேடு எதுவும் பதிவாகவில்லை என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் முடிவு. ஆனால் அவசரமாக ஊரைக் காலி செய்ததில், முதியோரும் நோயாளிகளுமாக, ஃபுகுஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பயத்தில் முன்பின் யோசிக்காமல் எடுத்த முடிவுகளும் உயிரை வாங்கியிருக்கின்றன.

செர்னோபில் அதைவிட மோசம். 1986 ஏப்ரல் 26இல் வெடித்த அந்த உலையைச் சுற்றி, நம் உலைகளுக்கு இருப்பது போன்ற கனத்த கான்கிரீட் கூடு கிடையாது. அங்கே மிகவும் துக்கமானது குழந்தைகளின் கதை. கதிரியக்க அயோடின் புல்லில் விழுந்தது, மாடு மேய்ந்தது, பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். பாலை உடனே நிறுத்தியிருந்தால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

கல்பாக்கமும் சுனாமியைப் பார்த்த ஊர்தான். 2004 டிசம்பர் 26இல் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அன்றைக்கு டவுன்ஷிப்பில் பல உயிர்கள் போயின, எல்லாம் அலையால் போனவை. விபத்து வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் ஆலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வைத்திருக்கிறார்கள், ஒத்திகையும் நடத்துகிறார்கள். உங்கள் மகள் அங்கே போனதும் அந்த ஒத்திகையில் ஒரு தடவை கலந்துகொள்ளட்டும். அவசர அறிவிப்பு வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும், அறிவிப்பைக் கேட்க வேண்டும், அந்த வட்டாரத்துப் பாலைத் தொடக் கூடாது. அயோடின் மாத்திரையைச் சொன்னால் மட்டும் போட வேண்டும். அது தைராய்டை மட்டும்தான் காக்கும், வேறு கதிர்வீச்சுக்கு மருந்தல்ல. அயோடின் உப்பை அள்ளிச் சாப்பிடுவதில் எந்தப் பலனும் இல்லை.

சம்பளம் பற்றிச் சொன்னீர்கள். அது மத்திய அரசு அளவுகோல். உயிருக்கு விலை போட்டுக் கொடுப்பதல்ல.

கடைசியாக, பையனிடம் கேட்கலாமா என்றால், கண்டிப்பாகக் கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் நாலு பேரிடம் விசாரிப்பதைவிட நேரில் கேட்பதுதான் அவருக்கும் கௌரவம். நீங்கள் கேட்கச் சங்கடப்பட்டால் மகளையே பேசச் சொல்லுங்கள், வாழப்போகிறவள் அவள்தானே. போன வருடம் உங்கள் டோஸ் எவ்வளவு, கடைசி ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எவ்வளவு என்று கேட்கட்டும். சிறுநீர் சாம்பிளை ஒழுங்காகக் கொடுக்கிறாரா, பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகும் பழக்கம் உண்டா என்றும் கேட்கட்டும். டோஸ் ஏறினால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேட்ஜைக் கழற்றி வைக்கிறவர்களை ஆஸ்பத்திரிகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் இருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம், கல்யாணத்துக்கு முன்பே விடச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் அவர் சொல்லும் வருட எண் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். அப்படியானால் நிச்சயத்துக்கு நாள் குறியுங்கள். 15, 20 என்று வந்தால் எந்த வேலையில் அவ்வளவு வந்தது, அந்த வேலை இன்னும் தொடர்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.